காகமும் கறித்தூளும்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் இரண்டு விதமான காகம் வரும், கழுத்து சாம்பலாக ஊர்க்காகம், முழுக்கறுப்பாக அண்டங்காகம். அம்மம்மா இரண்டையும் ஒரே தடியால்தான் கலைப்பா. இவை அவ்வளவு நெருங்கிய சொந்தம் இல்லை, சரி, ஆனால் ஐரோப்பாவில் ஒரு சோடி இருக்கிறது, ஒன்று முழுக்கறுப்பு, மற்றதுக்கு உடம்பு சாம்பல், எல்லை தொடுகிற இடத்தில் இரண்டும் சேர்ந்து குஞ்சும் பொரிக்கும். 2014இல் இவற்றின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டார்கள். சுமார் 100 கோடி மரபணு எழுத்துகளில், இரண்டுக்கும் இடையே முழுதாக வேறுபட்டு நின்றவை வெறும் 82, அதில் 81 ஒரே நிறமூர்த்தத்தில், அதாவது மரபணுக்களைச் சுமக்கிற ஒரே இழையில்!

அப்போ நிறம் எப்படி மாறியது? கறுப்பு நிறமி செய்கிற மரபணுக்கள் இரண்டிலும் உண்டு, ஆனால் சாம்பல் இறகு முளைக்கிற குழியில் அவை அடங்கித்தான் வேலை செய்கின்றன. அதே கறித்தூள்தான், ஒரு வீட்டில் ஒரு கரண்டி, அடுத்த வீட்டில் மூன்று. இதில் எனக்குப் பிடித்த சிக்கல், காகத்தின் ஈரலை எடுத்து இந்த மரபணுக்களைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம், இறகு வளர்கிற நேரத்தில், வளர்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும்.

பசிபிக் கடலில் இருக்கிற கலாபகஸ் தீவுகளின் குருவிகளுடைய அலகும் இதே கதைதான். தடித்த அலகுள்ள தரைக்குருவியின் கருவில் பீஎம்பீ4 என்ற மரபணு கூடுதலாக வேலை செய்கிறது. கோழிக் கருவில் அதைக் கூட்டிப் பார்த்தார்கள், அதற்கும் அலகு தடித்தது.

அம்மம்மாவிடம் சொன்னேன். “எல்லாம் மீன் களவெடுக்கிறதுகள்தானே” என்றா.