வலையில் சிக்கிய நீர்மூழ்கி
பினாங்கின் தெலுக் பகாங் மீனவர்களைக் கேளுங்கள்: புரொப்பெல்லரில் சுற்றிய வலை, எஞ்சினை முறுக்கினால் இன்னும் இறுகும். 2005 ஆகஸ்ட்டில் கம்சாட்கா கடலில், 190 மீட்டர் ஆழத்தில், ரஷ்யாவின் சிறிய மீட்பு நீர்மூழ்கிக் கலமான ஏஎஸ்-28 ஏழு பேருடன் அப்படித்தான் மாட்டியது.

பலர் ஆக்சிஜனைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே ஆளைச் சாய்ப்பது, நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு. 3 சதவீதத்திலேயே தலைவலி, மூச்சிரைப்பு. அதை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பும் குளிரில் மந்தமாகிவிடும். கனத்த உடை போட்டு, பேசாமல், அசையாமல் படுத்துக்கிடப்பதுதான் அப்போது முக்கியமான வேலை.

மேலிருந்து இயக்கப்படும் பிரிட்டனின் ஆளில்லாக் கலமான ஸ்கார்பியோ இறங்கி, ஏஎஸ்-28-ஐச் சுற்றியிருந்த வடங்களை ஒவ்வொன்றாக வெட்டியது. அவசரப்பட்டால் அறுந்த துண்டு ஸ்கார்பியோவின் விசிறியிலேயே சுற்றிக்கொள்ளும். விடுபட்ட கலம் விறுவிறுவென மேலே வரும். கப்பல்கள் விலகி நிற்க வேண்டும்.

ஏழு பேரும் பிழைத்தார்கள். மாட்டிய மறுநாளே வெளிநாட்டு உதவி கேட்டதுதான் பெரிய காரணம் என்பேன்.