கிட் கார் பானெட்டோடு மல்லுக்கட்டிய கதை

காரின் என்ஜின் மூடியான பானெட்டை மூடினால் இடப்பக்க இடைவெளி முன்னால் 3 மில்லிமீட்டர், விண்ட்ஷீல்டு பக்கம் 8. வலப்பக்கம் அப்படியே தலைகீழ். வலது பின்மூலை மட்டும் 5 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். திறக்கும்போது முன்விளிம்பு காரின் மூக்கில் உரசி வெள்ளைப் பொடி உதிரும். கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார் பாணியில், பாகங்களாக வாங்கி நானே கட்டிவரும் கிட் காரில் என்ஜினை இறக்கியதுகூட இவ்வளவு பாடு படுத்தவில்லை. இந்த ஒரு மூடி என் உயிரை வாங்கிவிட்டது.

இந்தக் காரில் பானெட் முன்பக்கக் கீலில் திறக்கும். வளைந்த இரண்டு இரும்புக் கைகள் மூக்குக்கு அடியில் ஆணியில் சுழல்கின்றன, பின்பக்கம் பூட்டிப் பிடிக்க இரண்டு லாட்ச். பார்க்க எளிதாகத்தான் இருந்தது. கீல் போல்ட்டைத் தளர்த்துவது, பானெட்டை ஒரு தள்ளு தள்ளுவது, போல்ட்டை இறுக்குவது, மூடிப் பார்ப்பது. இறுக்கும்போதே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். வாஷர் வைத்தேன், எடுத்தேன், துளையை ராவி நீளமாக்கினேன். இரண்டு வார இறுதிகள் இப்படியே போயின. மூன்றாவதில் விளிம்பைத் தேய்த்துவிடலாம் என்று கிரைண்டரைக் கையில் எடுத்தேன். அளவு பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அண்ணா, ஓட்டை சதுரமாத்தான் இருக்கா?" என்று கேட்டான். கிரைண்டரைக் கீழே வைத்தேன்.

பானெட்டையும் கீலையும் மொத்தமாகக் கழற்றிவிட்டு, பானெட் உட்காரும் திறப்பின் நான்கு மூலைகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறி போட்டு மூலைவிட்டங்களை அளந்தேன். 6 மில்லிமீட்டர் வித்தியாசம்! பானெட் சரியாகத்தான் இருந்தது, அது உட்கார வேண்டிய இடம்தான் கோணல். ஃபைபர் கிளாஸ் பாடியை அடிச்சட்டமான சேசிஸில் பூட்டியபோது ஒரு பக்கத்து போல்ட்டுகளை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போயிருக்கிறேன். ஃபைபர் கிளாஸ் முனகாமல் இழுத்த இழுப்புக்கு வந்துவிட்டது. கார் நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கும்படி வைத்து, எல்லா போல்ட்டையும் தளர்த்தி, பாடியைத் தட்டி உட்காரவைத்து, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். வித்தியாசம் 1 மில்லிமீட்டருக்கு வந்தது. அது போதும்.

அடுத்த பாடம் கீலில். இரண்டு கீல் துளைகளின் வழியாகவும் ஒரே நேரான இரும்புக் கம்பியைச் செருகப் பார்த்தேன். வலப்பக்கம் நுழைந்தது, இடப்பக்கம் துளைக்கு 4 மில்லிமீட்டர் கீழே போய் முட்டி நின்றது. அதாவது இரண்டு கீலும் வெவ்வேறு அச்சில் சுழன்றிருக்கின்றன. அப்படி இருந்தால் பானெட் முறுக்கிக்கொண்டால்தான் திறக்க முடியும். தகரமாக இருந்திருந்தால் முதல் நாளே அடம்பிடித்துக் காட்டிக் கொடுத்திருக்கும். ஃபைபர் கிளாஸ் வளைந்து கொடுத்து உண்மையை மறைத்துவிட்டது. பாதி திறந்து கையை எடுத்தால் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்ததன் காரணமும் இதுதான். கீல் ஆணிகளைப் பிடித்திருந்த இரண்டு தாங்கிகளையும் சேசிஸிலிருந்து வெட்டி எடுத்தேன்.

எடுத்ததும் எடுத்தோம், ஆணியின் இடத்தையும் சரிபார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அட்டையில் பானெட்டின் பக்கவாட்டு வடிவத்தை வெட்டி, மூக்கின் வடிவத்தையும் வரைந்து, குண்டூசியை வெவ்வேறு இடங்களில் குத்திச் சுழற்றிப் பார்த்தேன். ஆணி விளிம்புக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அந்த அளவுக்கு விளிம்பு மேலே எழுகிறது. எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்த அளவுக்கு முன்னால் நகர்கிறது. என்னுடையது ஆழமாக, விளிம்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருந்தது. அதனால் மேலே எழுவதற்கு முன்பே மூக்கில் போய் இடித்திருக்கிறது. அட்டையில் ஊசியை 12 மில்லிமீட்டர் முன்னாலும் 6 மில்லிமீட்டர் மேலேயும் நகர்த்தியதும் உரசல் போய்விட்டது. இத்தனை நாள் ராவியதற்கு அரை மணி நேரம் அட்டை வெட்டியிருக்கலாம்.

தாங்கிகளைப் புது இடத்தில் வைத்து, கம்பியை இரண்டின் வழியாகவும் விட்டபடியே பொட்டு வெல்டு போட்டேன். ஒரு பக்கத்தை ஒரேயடியாக முடித்தால் சூட்டில் இழுத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஓட்டி, ஆறிய பிறகுதான் கம்பியை உருவினேன். வழுக்கிக்கொண்டு வந்தது.

இப்போது வேலையைத் தலைகீழாகச் செய்தேன். கீல் இல்லாமலே பானெட்டைத் திறப்பில் வைத்து, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் மரச்சில்லுகளைச் செருகி, மேலே டேப் ஒட்டி அசையாமல் நிறுத்தினேன். ப்ரைமரும் பெயிண்ட்டும் இரண்டு விளிம்பிலும் ஏறும் என்பதால் இடைவெளியை இதற்குமேல் குறைக்கவில்லை. அப்புறம் சக்கர வளைவுக்குள் படுத்துக்கொண்டு, கீல் கைகளை மேலே தூக்கிப் பானெட்டின் அடித்தகட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் தொட்டது, மறுபக்கம் 3 மில்லிமீட்டர் சந்து. முன்பு போல்ட்டை முறுக்கி இழுத்து அந்தச் சந்தை மூடியிருக்கிறேன். பானெட்டைக் கோணலாக்கியதில் அதற்கும் பங்கு உண்டு. இந்த முறை கீல் கையில் மெழுகு தடவி, சந்தில் கெட்டியான எப்பாக்சிப் பசையை நிரப்பி, மறுநாள் வரை தொடவில்லை. இறுகியதும் கீலுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் ஒரு படுகை. போல்ட்டை இறுக்கினேன், பானெட் இம்மி நகரவில்லை.

சரி, முடிந்தது என்று, பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டுகளான கேஸ் ஸ்ட்ரட் இரண்டையும் மாட்டி மூடினேன். வலது பின்மூலை பழையபடி தூக்கிக்கொண்டது! தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி கழித்துத்தான் புத்தி வந்தது. ஸ்ட்ரட்டைக் கழற்றி மூடினால் மூலை தட்டையாக உட்கார்ந்தது. பானெட்டோ 11 கிலோ. கிட்டோடு வந்த ஸ்ட்ரட்டுகள் அதற்குப் பல மடங்கு கனத்துக்கானவை, மூடியிருக்கும்போதும் உள்ளிருந்து முட்டிக்கொண்டே இருந்தன. பலம் குறைந்ததை வாங்கலாம், பொருத்தும் இடத்தையும் மாற்றலாம், அப்போது மூடிய நிலையில் தள்ளும் கோடு கீல் ஆணிக்குப் பக்கமாகப் போகும், பானெட்டைத் தூக்கும் வலு குறையும். எனக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. ஸ்ட்ரட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஊன்றுகம்பி வைத்துவிட்டேன். லோட்டஸ் செவன் வகைக் கார் கட்டுபவர்கள் மேல் பொறாமையாக இருக்கிறது. அதில் கீலே கிடையாது, பானெட்டை அப்படியே தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிடலாம்.

லாட்ச்சைக் கடைசியாகத்தான் மாட்டினேன். உயரத்தை ரப்பர் முட்டுகளைத் திருகிச் சரிசெய்துவிட்டு, மூடிய பானெட்டைப் பிடித்துவைக்க மட்டும் லாட்ச்சை விட்டேன். மூலையை இழுத்து உட்காரவைக்கும் வேலையை அதற்குக் கொடுக்கவில்லை.

பெயிண்ட்டுக்கு முன் காரை மூன்று வாரம் வெயிலில் நிறுத்தினேன். பாலியெஸ்டர் ரெசின் அச்சிலிருந்து வந்த பிறகும் சூட்டில் இன்னும் இறுகும், விளிம்பு கொஞ்சம் நகரும். நகரத்தான் செய்தது, இடப்பக்க நடுவில் ஒரு மில்லிமீட்டர். அந்த இடத்தில் மட்டும் ரெசின் பூசித் தேய்த்தேன். இப்போது சுற்றிலும் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் நிற்கிறது. அடுத்தது கதவுகள்.