துருசு பூட்டின பிறகும்

அப்பாவுக்கு நாரி நோ தொடங்கியபோது, 2009 போரில் உடம்பில் ஏறிய எறிகணைத் துண்டில்தான் எல்லோரும் பழியைப் போட்டோம். இடுப்புக்கு மேலே ஒன்று இன்னும் கிடக்கிறது. ஒரு வருடம் நோக்குளிசையோடு ஓடியது. இரவில் நாலைந்து தரம் சலம் கழிக்க எழும்புவதை அவர் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவுமில்லை. புதிதாக வந்த ஒரு டொக்டர் கேட்டார். புரோஸ்டேட் சுரப்பியில் புற்று இருக்குமோ என்று, இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு பார்க்கத் துண்டு எழுதினார். நாலுக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை என்பார்கள். அப்பாவுக்கு 180.

பயொப்சி முடிந்து, எலும்பு ஸ்கானுக்குக் கொழும்பு போனோம். புரோஸ்டேட் புற்று முதுகெலும்பில் மூன்று இடத்துக்குப் பரவியிருந்தது. எம்.ஆர்.ஐ. அறையில், "உடம்பில இரும்பு ஏதும் இருக்கா?" என்றார்கள். வன்னி ஆக்களிடம் கேட்கிற கேள்வியா! கடைசியில் சிடி ஸ்கானோடு விட்டார்கள்.

புற்றை வளர்க்கிற ஆண் ஹோர்மோனைக் குறைக்க, விதை எடுக்கிற ஒப்பரேசன், இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அப்பா ஊசி என்றார். ஊசிக்கு முன்னமே, ஹோர்மோன் வேலை செய்யாமல் மறிக்கிற குளிசை தொடங்க வேண்டும். பாமசியில் குளிசை முடிந்திருந்தது, ஊசியை முதலில் போடுவோமா என்று யோசித்தேன். நல்லகாலம், போடவில்லை. அந்த ஊசி முதல் சில நாள் ஹோர்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்குமாம். முதுகெலும்பில் புற்று இருக்கிறவருக்கு அந்த ஏற்றத்தில் நரம்பு நெரிபடலாம். இதை வைத்தியர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பி.எஸ்.ஏ. இரண்டுக்கு இறங்கியது. பதினாலு மாதம் நிம்மதி. பிறகு ஏறத் தொடங்கியது, ஊசி ஒன்றுகூடத் தவறவில்லை.

டொக்டர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் வட்டம் கீறி விளக்கினார். புற்றுக்கலத்துக்குள் ஆண்ட்ரஜன் (ஆண் ஹோர்மோன்) ஏற்பி என்றொரு புரதம். ஹோர்மோன் வந்து ஒட்டினால் அது கலத்தின் கருவுக்குள் போய் வளரச் சொல்லும். ஹோர்மோனை மறித்தால் அடங்கும். 1941இல் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் என்ற வைத்தியர் காட்டிய வழி, 1966இல் நோபல் வாங்கிக் கொடுத்தது. ஆனால் நாளடைவில் கலம் ஏற்பியை அதிகம் செய்து, சொட்டு ஹோர்மோனுக்கே துள்ளும். சிலவேளை ஏற்பி உருமாறி, ஹோர்மோன் இல்லாமலே வேலை செய்யும். பி.டி.ஈ.என். என்ற புரதம் பிரேக் மாதிரி. அது அற்றுப்போனால் ஏ.கே.டி. என்ற இன்னொன்று ஓயாமல் சமிக்ஞை கொடுக்கும். எலும்புக்குள் இன்னும் மோசம்: புற்று எலும்புக் கலங்களைக் கிளறிவிட, எலும்பிலிருந்து கசியும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுக்கே தீனியாகும்.

எனக்குப் பாதிதான் விளங்கியது. அப்பா முத்தையன்கட்டுக் குளத்துத் துருசால் (மதகால்) வரும் தண்ணியில் முப்பது வருடம் வயல் செய்தவர். "அப்ப, துருசைப் பூட்டினாலும் அணைக்கட்டுக்குள்ளால கசியுது. அதுதானே டொக்டர்?"

டொக்டர் சிரித்துவிட்டார். "அதேதான் ஐயா."

இப்போது அபிராடெரோன் என்ற குளிசை. சிறுநீரகத்துக்கு மேலிருக்கிற சுரப்பியிலும் புற்றுக்குள்ளேயும் ஊறுகிற ஹோர்மோனையும் அது மறிக்கும். கூடவே பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. ஊசியும் நிற்காது. அபிராடெரோனை வெறுவயிற்றில் போட்டு ஒரு மணித்தியாலம் சாப்பிடக் கூடாது. காலை ஆறு மணிக்கு விழுங்கிவிட்டு, அம்மா அவிக்கிற புட்டு மணக்க மணக்க, மணிக்கூட்டைப் பார்த்தபடி திண்ணையில் இருக்கிறார்.