எல்லைக்கு இப்பால் ஒரு வீடு

பெங்களூரின் தென்பகுதியில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம், ஓசூருக்கே போய்விட்டால் என்ன என்ற பேச்சு எழுவது வழக்கம். எங்கள் வீட்டிலும் அது பல ஆண்டுகள் பேச்சாகவே இருந்து, பிறகு ஒரு கோடை விடுமுறையில் நடந்தேறியது. அதன்பின் இதே யோசனையில் இருக்கும் நண்பர்களும் உறவினர்களும் தொலைபேசியில் விசாரிக்கும்போது தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓசூரைப் பெங்களூரின் மலிவான புறநகராக எண்ணி வருபவருக்கு இந்த ஊர் ஏமாற்றமே தரும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு நடுத்தர நகரத்தில் வாழப்போகிறோம், பக்கத்தில் பெங்களூரும் இருக்கிறது என்று எண்ணி வருபவருக்கு இது நல்ல ஊர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் 1.17 லட்சம் பேரைக் கொண்டிருந்த ஓசூர், 2019-இல் மாநகராட்சியானது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளும் இங்கே வேரூன்றிவிட்டன. அண்மைக் காலத்தில் ஐபோனுக்கான பாகங்களைச் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் சேர்ந்துகொண்டது. ஆகவே இது பெருநகரத்தை நம்பி மட்டும் பிழைக்கும் ஊர் அன்று. அதிகாலையில் பெங்களூரை நோக்கி வண்டிகள் கிளம்பும் அதே நேரத்தில், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஓசூரை நோக்கிக் கம்பெனிப் பேருந்துகள் வந்துகொண்டிருக்கும். குடிவருபவருக்கு இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும் வாய்ப்பு உண்மையாகவே இருக்கிறது. என் மனைவி இப்போது வேலைக்குச் செல்லும் தூரம், முன்பு பிள்ளைகளைப் பள்ளியில் விடச் சென்ற தூரத்தைவிடக் குறைவு. ஆனால் ஆலைகள் பெருகப் பெருக வாடகையும் ஏறுகிறது. பெண் தொழிலாளர் விடுதிகளுக்காக வீடுகளை மொத்தமாகப் பிடித்துவிடும் தெருக்களில், குடும்பத்துக்கென்று வீடு தேடுவது இப்போது எளிதாக இல்லை.

பணக் கணக்கை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் அதைத்தான் முதலில் கணக்கிடுகிறார்கள். பெங்களூரில் நாங்கள் கொடுத்த வாடகையில் ஏறத்தாழப் பாதிக்கு, அதைவிடப் பெரிய வீடு இங்கே கிடைத்தது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பெங்களூர் வழக்கமும் இங்கே அவ்வளவாக இல்லை. உழவர் சந்தையில் தக்காளியும் குடைமிளகாயும் கொத்தமல்லியும் தோட்டத்திலிருந்து நேராக வருகின்றன. ஆனால் மிச்சத்தைக் கணக்கிடுபவர்கள் சில சலுகைகளை இழப்பதைக் கவனிப்பதில்லை. கர்நாடகத்தில் 2023 முதல் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட். இரு மாநிலங்களிலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் உண்டென்றாலும், கர்நாடகத்தின் திட்டம் அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு, அந்த மாநில எல்லைக்குள் மட்டுமே; தமிழ்நாட்டின் திட்டம் பெரும்பாலும் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே. எல்லையைத் தாண்டித் தினமும் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இரண்டாலும் முழுப் பயன் இல்லை. கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தடையில்லாச் சான்று, சாலை வரியைத் திரும்பப் பெறும் விண்ணப்பம் என்று அந்த அலைச்சலுக்காகவே சில நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

பயணம்தான் இந்த இடப்பெயர்வின் மையம். ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே 40 கிலோமீட்டர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெங்களூர் என்பது ஒரு புள்ளி அன்று என்பதால் அந்த எண் யாருக்கும் உதவாது. பெங்களூரின் தென்கோடியில் எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகனி ஆகிய இடங்களில் வேலை பார்ப்பவருக்கு ஓசூர் பக்கத்து ஊர். ஜெயநகரிலிருந்தோ ராஜாஜிநகரிலிருந்தோ அதே அலுவலகத்துக்கு வருபவரைவிட நாம் நிம்மதியாகப் போய்ச் சேரலாம். ஆனால் வடக்கே ஹெப்பாளிலோ மான்யதா தொழில்நுட்பப் பூங்காவிலோ வேலை என்றால், வீட்டு வாடகையில் மிச்சமாவதையெல்லாம் உடல்நலத்தில் செலவழிக்க நேரிடும். அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடி, சந்தாபுரா சந்திப்பு, அதன்பின் சில்க் போர்டு என்று ஒவ்வோர் இடத்திலும் நெரிசல் தனித்தனியே காத்திருக்கும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை 2010-இல் திறக்கப்பட்டபோது தீர்ந்துவிடும் என்று நம்பப்பட்ட சிக்கல், பாலம் இறங்கும் இடத்துக்கு நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டபின் நிலைமை உண்மையாகவே மாறியிருக்கிறது. பொம்மசந்திரா வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து ஜெயநகர் பக்கமுள்ள ஆர்.வி. சாலை வரை 19 கிலோமீட்டரை நெரிசலில்லாமல் கடக்க முடிவது, சாலையை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குப் பெரிய விடுதலை. அந்த வழித்தடத்தை ஓசூர் வரை நீட்டிக்கும் பேச்சு பல ஆண்டுகளாக ஆய்வுகளிலும் அறிக்கைகளிலுமே இருக்கிறது. இரு மாநிலங்கள் இசைய வேண்டிய எந்தத் திட்டத்தையும் கைக்கு வந்தபின் கணக்கில் சேர்ப்பதே அறிவுடைமை என்பது இங்கே வந்தபின் எனக்கு உறுதியான எண்ணம். ரயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; கார்மேலராம், பெல்லந்தூர் சாலை நிலையங்களுக்கு அருகில் வேலை பார்ப்பவர்கள் ரயில் நேரத்துக்கு ஏற்ப அலுவலக நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தால், சாலையில் போவதைவிட அது மேல்.

எல்லை என்பது சாதாரண நாட்களில் கண்ணுக்கே தெரியாது. ஜூஜுவாடியில் தமிழ்ப் பலகை முடிந்து அத்திப்பள்ளியில் கன்னடப் பலகை தொடங்கும், அவ்வளவே. காவிரிச் சிக்கல் சூடேறும் நாட்களில்தான் அது கண்ணில் படும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டதும், 2023 செப்டம்பரில் முழு அடைப்புகளின்போது தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையோடு நின்றுபோனதும் இங்கே யாருக்கும் பழங்கதை அல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் இ-பாஸ் இல்லாமல் வேலைக்குப் போக முடியாமல் தவித்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வீட்டிலிருந்தே வேலை செய்ய இசையும் நிறுவனத்தில் இருப்பவருக்கு இது ஓரிரு நாள் தொல்லை. நாள் கூலிக்கும் ஷிப்டுக்கும் போகிறவருக்கு அது வருமான இழப்பு. அதே சமயம், அரசியல்வாதிகள் பேசும் அளவுக்கு இந்த வட்டாரத்தில் மொழிப் பகை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே கடையில் ஒரே மூச்சில் கேட்கும் ஊர் இது. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா என் பிள்ளைகளிடம் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் வீட்டிலிருந்து களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வந்துவிடும்.

பிள்ளைகளின் படிப்பைப் பொறுத்தவரை, எந்த வயதில் வருகிறோம் என்பதே எல்லாம். பெங்களூரில் கன்னடத்தை இரண்டாம் மொழியாகப் படித்த பிள்ளை, இங்கே வந்ததும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமான தமிழை எழுதப் படிக்கக் கற்றாக வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவது அதற்குப் போதாது. தொடக்க வகுப்பில் வந்த எங்கள் இளையவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பெரியவளுக்குத் தனியாக ஆசிரியர் வைக்க வேண்டியதாயிற்று. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான இடங்களை ஒதுக்கும்போது ஒரு மாநிலத்தில் தொடர்ந்து படித்த ஆண்டுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதால், உயர்நிலைப் பள்ளியின் நடுவில் எல்லையைத் தாண்டுவது இரண்டு பக்கமும் சிக்கலை உண்டாக்கும். ஆறாம் வகுப்புக்கு முன் வந்துவிடுங்கள், அல்லது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் வாருங்கள் என்பதே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது.

தண்ணீரும் காற்றும் பற்றி விளம்பரத் துண்டறிக்கைகள் சொல்வதில் பாதி உண்மை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வேலூரோ சேலமோ கொதிக்கும் மாதங்களிலும் இங்கே இரவுக் காற்று தணிந்தே வீசும். ரோஜாப் பண்ணைகள் இந்தப் பகுதியில் பெருகியதற்கும் இந்தத் தட்பவெப்பமே காரணம். தண்ணீரின் கதை வேறு. நந்தி மலைப் பக்கம் பிறந்து பெங்களூரின் கிழக்கு ஓரமாக வரும் தென்பெண்ணை, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழை பெய்து மதகுகளைத் திறக்கும்போதெல்லாம் ஆற்றில் வெள்ளை நுரை பொங்கி நிற்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பெருநகரத்தின் அருகில் வாழ்வதற்கு நாம் தரும் விலையில், ரூபாயில் வராத பகுதி அது. குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் வருகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த திட்டம் அது. புதிதாக விரிந்த மனைப்பிரிவுகள் பலவற்றில் இன்னும் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும்தான். வீடு பார்க்கும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன் எந்த நீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். தரகரைக் கேட்க வேண்டாம்.

சாதாரண நோய்களுக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் இங்கே போதும். இதயம், சிறுநீரகம் என்று பெரிய மருத்துவம் வேண்டுமென்றால் பொம்மசந்திராவுக்கோ பெங்களூருக்குள்ளோதான் போக வேண்டும். தேவனஹள்ளி விமான நிலையம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தூரத்தில், பெங்களூரின் மறுகோடியில் இருக்கிறது. அடிக்கடி பறக்க வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதுமான தடை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பண்ணை வீடு வாங்கும் ஆசையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னர்கட்டாக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூரை அடுத்த சானமாவுக் காடு வரை வந்துபோவது ஆண்டுதோறும் நடப்பது. வழியில் நாமே போய் வேலி போட்டுவிட்டு, யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று புலம்புவதில் பொருளில்லை.

மனை வாங்குவதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த எச்சரிக்கை. ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் 2,000 ஏக்கரில் ஓசூரில் அமையும் என்று 2024 ஜூனில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து, பாகலூர் சாலையில் மனைத் தரகர்களின் பேச்சு முழுவதும் விமான நிலையம்தான். பெங்களூர் விமான நிலையத்துக்கான ஒப்பந்தம், 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் புதிய விமான நிலையத்துக்கு 2033 வரை தடை விதித்திருப்பதை அவர்கள் சொல்வதில்லை. அறிவிப்பை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவுக்கான அரசு அங்கீகாரம் ஆகிய மூன்றையும் மனையை விற்பவரோடு தொடர்பில்லாத வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, பிறகு முன்பணம் பேசுங்கள். அதற்கும் முன், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அடங்கும் வகையில் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலை என்றால் ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, சிப்காட் சுற்றுப்புறத்தில் தேடுங்கள். ஊரின் தெற்கே வீடெடுத்தால், நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே பேருந்து நிலைய நெரிசலில் நேரம் போய்விடும். சர்ஜாபுரம் பக்கம் வேலை என்றால் பாகலூர் சாலையே சரி. உள்ளூரிலேயே வேலையும் பள்ளியும் அமைந்துவிட்டவர்களுக்கு மத்திகிரிப் பக்கம் சொல்வேன்; வாடகை குறைவு, தெருக்கள் அகலம், நெடுஞ்சாலையின் இரைச்சல் அவ்வளவாக எட்டுவதில்லை.