தொங்கிய நூல் புழு அல்ல

தங்கமீனின் வாலருகே மெல்லிய நூல் ஒன்று தொங்கியது. கழிவுதான் ஒட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்று நாளாகியும் அது அங்கேயே இருந்தது. மீனோ அரிப்புத் தாங்காமல் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்தபடி ஓடியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நூலின் நுனி கவட்டையாகப் பிரிந்திருந்தது, அடியில் சிவந்த புண்.

நங்கூரப் புழு. பெயரில்தான் புழு, உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. லெர்னியா என்பார்கள். வெளியே தொங்குவது பெண். அதன் தலை நங்கூரம்போலக் கிளைத்துச் சதைக்குள் மாட்டிக்கொள்ளும். கவட்டையாகத் தெரிந்தவை இரண்டு முட்டைப் பைகள். மீன் பேன் என்பது வேறு, அது தட்டையாக உடம்பின் மேல் ஊர்ந்து திரியும்.

ஈரத்துணியில் மீனைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் இழுத்தேன். நடுவில் பிடித்ததால் அறுந்து, தலை உள்ளேயே நின்றுவிட்டது. அடுத்ததைத் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்தபோது முழுசாக வந்தது. புண்ணில் பஞ்சால் அயோடின் ஒற்றினேன், செவுள் பக்கம் படாமல்.

முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் வேறொரு மீனில் நான்கு! பிடுங்கும் முன்பே முட்டைகள் பொரித்திருக்க வேண்டும். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் நீந்தி, செவுளில் தங்கி, பல தடவை தோலுரித்து வளரும். வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். உப்புப் போட்டும் பார்த்தேன், சதைக்குள் மாட்டியிருந்ததை அது அசைக்கவே இல்லை.

கடைசியில் டைஃப்ளூபென்சுரான். இந்த மருந்து ஓடு உருவாவதைத் தடுப்பதால், தோலுரிக்கும்போது குஞ்சு சாகும். வளர்ந்த பெண் இனித் தோலுரிக்காது, அதனால் மருந்துக்கு மசியாது. முதல் நாளே உதிரவில்லை என்று அளவைக் கூட்டத் தோன்றும், கூட்டக் கூடாது. அவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். தவறினால் சுமார் ஒரு மாதம்கூட உயிரோடிருந்து முட்டையிடும். எனவே வாரம் ஒருமுறை, நான்கு தடவை போட்டேன். 200 லிட்டர் தொட்டி என்றாலும் கற்களைக் கழித்தால் 170 லிட்டர்தான் தண்ணீர், அதற்குத்தான் கணக்குப் போட்டேன். ஃபில்டரில் இருந்த கார்பனை முன்பே எடுத்துவிட்டேன், இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிவிடும். கூட இருந்த குட்டி இறால்களை வாளிக்கு மாற்றினேன், அவையும் தோலுரிப்பவைதானே.

இதையெல்லாம் இழுத்து வந்தது புதிதாக வாங்கிய மீன். தனியாக வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் விட்டவன் நான்தான்.

இப்போது ஆறு வாரமாகிறது, ஒரு நூலும் தென்படவில்லை. கார்பனைத் திரும்பப் போட்டு, தண்ணீரும் பலமுறை மாற்றியாயிற்று. இறால்கள் மட்டும் இன்னும் வாளியில். நேற்று ஒன்றை மட்டும் தொட்டியில் விட்டேன். நன்றாகத்தான் மேய்கிறது. தோலுரிக்கட்டும், அப்புறம் மற்றவற்றை விடலாம்.