பத்தா, பதினொன்றா?

"செத்த தேதிதான் கண்ணு கணக்கு" என்று 2019 ஜனவரி 9ஆம் தேதி இரவு, பக்கத்தை அச்சுக்கு விடுவதற்குச் சற்று முன்பாக, எங்கள் நாளிதழின் கோவை டெஸ்க்கில் நான் சொன்ன ஒற்றை வாக்கியம் இன்றும் என்னை விட்டபாடில்லை. சொன்னது தவறா என்று கேட்டால், இல்லை என்று வாதிட என்னிடம் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களில் எதையும் அன்று இரவு நான் யோசித்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் 'பேட்ட' படமும் 'விஸ்வாசம்' படமும் ஒன்றாக வெளியாகவிருந்தன. ரஜினியும் அஜித்தும் ஒரே நாளில் வந்தால் விளம்பரமும் தியேட்டர் பட்டியலும் பக்கத்தில் எவ்வளவு இடத்தைத் தின்னும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 'வரலாற்றில் இன்று' பெட்டிக்கு ஐந்து வரிதான் மிஞ்சியது. 1940இல் கொச்சியில் யேசுதாஸ் பிறந்ததற்கு இரண்டு வரி, 1966இல் பிரதமர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் தாஷ்கண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கு மூன்று வரி என்று நான் முடித்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருந்த உதவி ஆசிரியர், சென்னிமலைப் பெண், புரூப் தாளின் ஓரத்தில் பென்சிலால் இன்னொன்றை எழுதி வைத்திருந்தாள்: "1932: திருப்பூரில் தேசியக் கொடியுடன் ஊர்வலம் சென்ற குமரன் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து வீழ்ந்தார்." அதன் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.

"சார், அடி விழுந்தது பத்தாந் தேதிதானுங்களே?" என்றாள்.

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அதோடு விட்டிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. "ஊர்ப் பாசமா? நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றும், குமரனும் சென்னிமலையில் பிறந்தவர் என்பதால், சேர்த்துச் சொன்னேன். அவள் "சரிங்க சார்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

தேதிக் கணக்கில் நான் சொன்னது சரிதான். அந்த ஜனவரி 4ஆம் தேதி காந்தி கைதானதை அடுத்து எழுந்த கிளர்ச்சியில், பி.எஸ். சுந்தரம் தலைமையில் சென்ற ஊர்வலத்தில் குமரன் அடிபட்டது 10ஆம் தேதி. உயிர் பிரிந்தது 11ஆம் தேதி. மாலை போடுவதும் அஞ்சலி செலுத்துவதும் பதினொன்றில்தான் நடக்கின்றன. ஆனால் இதே அளவுகோலை வைத்தால், தாஷ்கண்டில் கையெழுத்திட்ட சில மணி நேரத்தில், 11ஆம் தேதி அதிகாலையில் இறந்துபோன சாஸ்திரியை நான் ஏன் பத்தாம் தேதியில் வைத்தேன்? முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளியில் இருவருக்கும் அதே இரண்டு நாள்கள்தாம். பத்தில் செயல், பதினொன்றில் சாவு. பிரதமருக்குச் செயலின் தேதியைக் கொடுத்துவிட்டு, கொடியைப் பிடித்த கையோடு விழுந்த இருபத்தேழு வயது நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குச் சாவின் தேதியைக் கொடுத்திருக்கிறேன். பாடகருக்கோ அவர் எதுவுமே செய்திராத, பிறந்த நாளைக் கொடுத்தேன். (யேசுதாஸை எடுத்திருந்தால் காலை ஆறு மணிக்கே போன் வந்திருக்கும். குமரனுக்காக யாரும் போன் செய்வதில்லை. இதை நான் தெரிந்துதான் செய்தேன் என்று நினைக்கிறேன்.)

இதுவும் கூட மன்னிக்கத்தக்கதே, மறுநாள் அவரைப் போட்டிருந்தால். ஆனால் மறுநாள் எனக்கு வார விடுமுறை. பெட்டியைப் பார்த்துக்கொண்டவர் பழைய கோப்பிலிருந்து சாஸ்திரி மறைவையும் ராகுல் டிராவிட் பிறந்ததையும் எடுத்துப் போட்டார். அவர்மேல் குற்றமில்லை, நான் அவரிடம் சொல்லவில்லை. 12ஆம் தேதி திருப்பூர்ப் பக்கத்தில் குமரன் நினைவிடத்தில் மாலை அணிவித்த படம் வந்ததே என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் படத்தில் மாலை போட்டவர்களின் முகங்கள்தாம் தெளிவாக இருந்தன.

"நாளைக்கு" என்று சொன்னபோது என் விடுமுறை எனக்கு நினைவில் இல்லை என்றே இதுவரை நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். பக்கம் விடும் அவசரத்தில் நினைவில்லாமல் போவது இயல்புதான். ஆனால் எங்கள் டெஸ்க்கின் ஷிப்ட் அட்டவணையை வாரந்தோறும் எழுதி ஒட்டியவன் நான்தான். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. இளையவர்களை வாயடைக்க நாங்கள் "நாளைக்கு" என்ற சொல்லைப் பயன்படுத்துவதுண்டு. என் மூத்தவர்கள் என்னிடம் பயன்படுத்தியதுதான். இதைச் சொல்வதும் ஒருவகைச் சப்பைக்கட்டு என்று எனக்குத் தெரிகிறது.

அவள் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பெட்டி அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது. 2020 ஜனவரி 9ஆம் தேதி இரவு புரூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பெரிய படம் ஏதும் மறுநாள் வரவில்லை. எட்டு வரிக்கும் இடமிருந்தது. தாஷ்கண்ட் இருந்தது, யேசுதாஸ் இருந்தார், கீழே இரண்டு வரி காலியாகக் கிடந்தது.

"குமரன் எங்க கண்ணு?" என்றேன்.

"பதினொண்ணுல வெச்சிருக்கேனுங்க சார்" என்றாள், கணினியிலிருந்து பார்வையை எடுக்காமல்.

கையில் சிவப்புப் பேனா இருந்தது. பக்கம் விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.