உடனடி அனுமதி கிடைத்தது, பட்டாதான் இழுத்தடித்தது

தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, அதே மனையில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு கட்ட அனுமதி வாங்கிவிட்டோம். கீழே அம்மாவும் நாங்களும், மேலே தம்பி குடும்பம். விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்றிதழ்த் திட்டம் 2024 ஜூலையில் வந்தது; எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனே அனுமதி. நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை.

விண்ணப்பமும் கட்டணமும் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை எடுத்தது பட்டா.

அப்பா எழுதி வைத்த செட்டில்மென்ட் பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்திருந்தும், பட்டா இன்னும் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. எங்கள் பங்கைத் தனியாகப் பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு சர்வேயர் வர வேண்டும். தாலுகா அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார்" என்ற ஒரே பதில். அப்புறம் அங்கிருந்த எழுத்தர் பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். பெங்களூரிலிருந்து அண்ணன் லீவு போட்டு வந்தார். அன்று எழுத்தரே வரவில்லை. கடைசியில் வேறொரு அதிகாரி, பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கும்போது கையெழுத்து எதற்கு என்று கேட்டார். அண்ணனின் முகத்தில் விழிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வாய்வார்த்தையை நம்பி அலையாதீர்கள். என்ன குறை என்பதை எழுத்தில் கேளுங்கள், மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணோடு மனு கொடுத்த பிறகுதான் எங்கள் தெருவில் சர்வேயர் சங்கிலி இறங்கியது. அளந்ததில் பத்திரத்தில் உள்ளதைவிட இடம் சற்றுக் குறைந்தது. குடியாத்தம், பேரணாம்பட்டு போன்ற ஊர்களின் பழைய தெருக்களில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இது சகஜம். பத்திரம், பட்டா, நேரில் அளந்தது மூன்றில் எது குறைவோ அதை வைத்து பிளான் வரையச் சொல்லுங்கள்.

இடையில் ஒரு புரோக்கர், "இந்தத் தலைவலி எதற்கு, பைபாஸ் பக்கம் மனை வாங்கிவிடுங்கள்" என்றார். நேற்றுவரை நெல் விளைந்த நிலம், குழாய்த் தண்ணீர் இல்லை, பேருந்து இல்லை, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியும் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 20.10.2016க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் என்று தெரிந்தும் விற்கிறார்கள். பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ரோடும் குழாயும் உள்ள தெருவில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இரண்டு குடும்பம் இருக்க முடியும்போது வயலை ஏன் அழிக்க வேண்டும்?

இன்னொன்று. பிளானில் இரண்டு குடியிருப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று சமர்ப்பிக்கும் முன்பே பாருங்கள். மேல்வீட்டுக்குத் தனி மின் இணைப்பு கேட்கும்போது அது உதவும்.